தினமும் கூட்டை இழுக்கப்போவது யார்?

வளவும் வளர்ப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் கிளிநொச்சியில் இரண்டு பரப்புக் காணியில் இருக்கிறோம். வீடு, கிணறு, மலசலகூடம், முன்னுக்கு நாலு தென்னை போக, பின்பக்கம் கொஞ்சம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆறு ஊர்க்கோழி வளர்க்க ஆசை. திறந்துவிட்டால் பக்கத்து வீட்டு மிளகாய்க் கன்றைக் கிளறிச் சண்டை வருகிறது, ஒரே இடத்தில் அடைத்தால் மணக்கிறது. இடம் மாற்றி வைக்கிற கூடு செய்வோம் என்கிறார் அண்ணா. மூன்று விதம் பார்த்து வைத்திருக்கிறோம்: வீட்டுக் கூரை மாதிரி முக்கோணமாக நிற்பது, மேலே அறையும் கீழே கோழி நடமாடுகிற ஓட்டமுமாகச் சில்லுப் பூட்டிய பெரிய பெட்டி, பைப்பை வளைத்து வலை போட்ட கூடாரம். எதைச் செய்யலாம்? அண்ணா வேலைக்குப் போனால் பகலில் வீட்டில் இருப்பது நானும் அம்மாவும்தான். (கிளிநொச்சி வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, தங்கச்சி. பகலில் நீங்களும் அம்மாவும் மட்டும் என்றால், உங்களில் ஒருவர் தனியாக நின்று இழுக்கக்கூடிய கூடுதான் உங்களுக்கு உதவும். மற்றது எவ்வளவு வடிவாக இருந்தாலும் இரண்டாம் கிழமை ஒரே இடத்தில் நின்றுவிடும். அப்படி நின்றுபோன கூடு சாதாரணக் கூட்டைவிட மோசம். அடியில் தளம் இல்லை, உள்ளே தாராளமான இடம் இல்லை, நாலைந்து நாளில் புல் போய், எச்சம் தேங்கி, ஒரு மழை பெய்தால் எல்லாம் சேறு.

நான் இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒட்டுசுட்டானில் நாங்கள் முதலில் செய்த கூடு முதிரைச் சலாகையில். பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய சலாகை சும்மா கிடக்கிறதே என்று எட்டடி நீளம், நாலடி அகலத்தில் முக்கோணமாக அடித்தோம். இரண்டுக்கு இரண்டு அங்குலச் சலாகை மொத்தம் ஐம்பத்தாறு அடி போனது. முதிரையில் அந்த அளவு ஏறக்குறைய 40 கிலோ வரும், தகரமும் வலையும் அதற்கு மேலே. இரண்டு ஆம்பிளைகள் தூக்கினால்தான் அசையும். அவர்கள் வயலுக்குப் போன நாட்களில் கூடு அசையவே இல்லை. பாலை இன்னும் பாரம். வன்னியில் நல்ல மரம் என்றால் இந்த இரண்டும்தான் கைக்கு முதலில் வரும், வீடு கட்ட இரண்டும் தங்கம், ஆனால் அசைக்கிற கூட்டுக்கு வேண்டாம். அதே ஐம்பத்தாறு அடியை ஓரங்குலச் சதுர இரும்புக் குழாயில், 1.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒட்டினால் 15 கிலோ அளவில் முடிந்துவிடும். கறையானும் தின்னாது. எங்களுடைய மண்ணில் மரக்கட்டை நிலத்தைத் தொட்டபடி ஒரு மாதம் கிடந்தாலே என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, நீங்கள் பார்த்த மூன்றுக்கும் வருகிறேன்.

முக்கோணக் கூடு செய்ய லேசு, மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், சின்னக் குஞ்சுகளோடு தாய்க்கோழியை விட மிகவும் நல்லது. ஆனால் ஓரங்களில் உயரம் இல்லாததால் நாலடி அகலம் என்று செய்தாலும் வளர்ந்த கோழிக்கு நடுவில் இரண்டரை அடிதான் பயன்படும். ஆறு கோழிக்கு நெருக்கம்.

பைப் கூடாரம் மூன்றிலும் லேசானது. பிளாஸ்டிக் பைப் என்றால் ஒரு பிள்ளைகூட இழுத்துப்போகும். சோளகக் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் அதே கூடாரம் தானாகவே வேலிவரை போய் நிற்கும், வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் பைப் உக்கி உடையும். இரவுக்கு அது பாதுகாப்பும் இல்லை.

சில்லுப் பெட்டி பார்க்க நல்லது, வேண்டிய எல்லாம் ஒன்றிலேயே இருக்கும். ஆனால் எல்லாம் ஒன்றில் இருப்பதுதான் அதன் குறை. பாரம் முழுவதையும் ஒரே தடவையில் இழுக்க வேண்டும், அதோடு கோழிகளும் உள்ளே நிற்கும். எங்கள் பழைய கூட்டைக் கோழியோடு இழுத்தபோது பின்னுக்கு நின்ற பேடு ஒன்றின் கால் அடிச்சட்டத்துக்குள் அகப்பட்டு முறிந்தது. அது நொண்டி நொண்டி நடந்ததைப் பார்த்த பிறகு ஒற்றைத் துண்டாகக் கூடு செய்கிற எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

ஆகவே நான் சொல்வது நாலாவது விதம்: இரண்டு துண்டாகச் செய்யுங்கள். இரவுப் பெட்டி ஒன்று, பகல் ஓட்டம் ஒன்று, இரண்டையும் சின்னக் கதவால் பொருத்துவது.

இரவுப் பெட்டி நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடிக் கால். உள்ளே நீளப்பாட்டுக்கு ஒரு தடி போட்டால் ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று ஆறு கோழியும் வரிசையாக இருக்கும். தடி விரல் தடிப்பில் இருக்கக்கூடாது, கோழி காலை விரித்து வயிற்றால் விரலை மூடிக்கொண்டு இருக்கிற மாதிரி இரண்டு அங்குலம் அகலமாக, விளிம்பு மழுக்கியதாக இருக்கட்டும். நிலத்துக்குப் பலகை வேண்டாம், அரை அங்குலக் கண் கொண்ட ஒட்டுக்கம்பி வலை போடுங்கள், எச்சம் கீழே விழுந்துவிடும், காற்றும் வரும். கூரைக்குக் கீழே நாலு பக்கமும் ஐந்தாறு அங்குலம் திறந்து அதே வலையை அடியுங்கள். இதை மறைத்துவிடாதீர்கள். நம்மவர்கள் கோழிக்குக் குளிரும் என்று பயந்து எல்லா ஓட்டையையும் சாக்கால் அடைத்துவிடுவார்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை விடும், ஆகவே வன்னியில் அதற்கு எதிரி குளிரைவிடப் புழுக்கம்தான். முட்டையிட ஓரடிக்கு ஓரடிப் பெட்டி இரண்டு வெளிப்பக்கம் தொங்கட்டும், மூடியைத் திறந்து வெளியில் நின்றே முட்டையை எடுக்கலாம்.

பகல் ஓட்டம் எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டடி உயரம். சதுரக் குழாயில் சட்டம், சுற்றிவர வலை, மேலேயும் வலை, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடுகு. வலையோடு சேர்த்து 25 கிலோ அளவில் நிற்கும். ஒரு தலைப்பில் இரண்டு சில்லு, மறு தலைப்பில் கயிறு. கயிற்றுப் பக்கத்தைத் தூக்கும்போது உங்கள் கைக்கு வருவது அதில் பாதிதான், அம்மாவாலும் முடியும். சில்லு விசயத்தில் மட்டும் கவனம்: கடையில் வாங்குகிற மூன்று அங்குலச் சில்லு எங்கள் மணலில் புதைந்துபோகும். பழைய பிள்ளைச் சைக்கிள் சில்லு, அல்லது கைவண்டிச் சில்லு பூட்டுங்கள். நிறுத்தியிருக்கும்போது சட்டம் மண்ணில் படிந்து இருக்க வேண்டும், தூக்கினால்தான் சில்லு நிலத்தைத் தொட வேண்டும். இரும்பு ஒட்டுகிற கடையில் இதை விளங்கப்படுத்திச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சில்லை நேராகக் கீழே பூட்டித் தந்துவிடுவார்கள், பிறகு சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி நிற்கும்.

காலையில் வேலை இப்படிப் போகும். கோழி இரவுப் பெட்டிக்குள் இருக்கும்போதே ஓட்டத்தைப் புது இடத்துக்கு இழுங்கள். அப்புறம் பெட்டியைக் கொண்டுபோய்ப் பொருத்திக் கதவைத் திறவுங்கள். பெட்டிக்கும் இரண்டு சில்லும் இரண்டு கைபிடியும் வைத்தால் கைவண்டி மாதிரித் தள்ளிக்கொண்டு போகலாம். யாருடைய காலும் அகப்படாது. இரண்டும் சேர்ந்து பத்து நிமிடம்தான். ஒன்று மட்டும், தூக்குவதற்கு முன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு தடியால் சட்டத்தைத் தட்டுங்கள். சிந்திய தீனுக்கு எலி வரும், எலிக்குப் புடையன் பாம்பு வரும். விடியற்காலையில் வெறுங்காலோடு, குனிந்து கையை உள்ளே விடுகிற வேலை இது.

இடம் போதுமா என்று கணக்குப் பார்ப்போம். இரண்டு பரப்பு என்றால் 5,445 சதுர அடி. வீடு, கிணறு எல்லாம் போகப் பின்னுக்கு 1,200 சதுர அடி இருக்கிறது என்று வையுங்கள். ஓட்டம் 32 சதுர அடி. தினமும் ஒரு தடவை நகர்த்தினால் முதல் இடத்துக்குத் திரும்பி வர 37 நாள் ஆகும். மாரியிலும் அதற்குப் பிறகு தை, மாசியிலும் புல் திரும்ப முளைக்க அது தாராளமாகப் போதும். இந்த இடைவெளிதான் மணத்தையும் நிறுத்துகிறது, நோயையும் குறைக்கிறது. குஞ்சுகளுக்கு வருகிற இரத்தக் கழிச்சல் இருக்கிறதே, அதன் கிருமி எச்சத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது, ஈரத்தில் ஒன்றிரண்டு நாள் கிடந்து முற்றின பிறகுதான் தொற்றும். தினமும் நகர்ந்தால் அது முற்றுவதற்குள் கோழி அங்கே இருக்காது. மூன்று நாளுக்கு ஒருக்கால் நகர்த்துவதற்கும் தினமும் நகர்த்துவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அதோடு பின்னேரம் நீங்கள் வளவில் நிற்கிற நேரம் ஒரு மணித்தியாலம் திறந்துவிடுங்கள், ஆறு கோழிக்கு 32 சதுர அடி நாள் முழுக்கப் போதாது. மைம்மலில் தாமாகவே பெட்டிக்கு வந்துவிடும்.

வைகாசி கடந்து புல் காய்ந்த பிறகு கதை வேறு. வெறும் மண்ணில் நகர்த்தினால் கோழிக்குக் கிடைப்பது புழுதி. அப்போது மர நிழலை ஒட்டி மட்டும் ஓட்டத்தை நகர்த்துங்கள், அன்றன்றைக்கு இரண்டு கை வைக்கோல், சருகு, முருங்கைக் கீரை, அகத்தி போடுங்கள். வேலிக் கிளிசரிடியாவை வெட்டிப் போட வேண்டாம், ஆடு மாட்டுக்கு நல்ல தீன், கோழிக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீரை மண்சட்டியில் வைத்து, நடுப்பகலில் ஒரு தடவை மாற்றுங்கள். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லீற்றர் குடிக்கும், கடும் வெயிலில் அதன் இரட்டிப்பு. அப்புறம் காற்று: சோளகம் தென்மேற்கிலிருந்து வரும், வாடை வடகிழக்கிலிருந்து வரும். நிலையான கூடு என்றால் இரண்டில் ஒன்றுக்குத்தான் மறைப்பு வைக்கலாம். அசைகிற கூட்டைச் சோளகத்துக்கு ஒரு பக்கம், வாடைக்கு மறுபக்கம் திருப்பி வைக்கலாம், எனக்கு இதில் மிகவும் பிடித்த விசயம் இதுதான்.

தகரம் வீட்டில் கிடந்தால் (மீள்குடியேறின காலத்துத் தகரம் இன்னும் எத்தனையோ வீட்டில் கிடக்கிறது) இரவுப் பெட்டிக்குப் போடலாம், ஆனால் அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பனையோலையோ கிடுகோ வேயுங்கள். வெறும் தகரத்துக்குக் கீழே பங்குனி, சித்திரை வெயிலில் அடைகாக்கிற கோழி பெட்டியை விட்டு எழும்பிப் போய்விடும்.

எச்சம் விழுந்த இடத்தில் வாழை, தென்னை, பப்பாசி செழிக்கும், கத்தரிப் பாத்தியை முடித்த பிறகு ஓட்டத்தை அதன் மேலே வைத்தால் அடுத்த போகத்துக்கு மண் கிளறி, புழு பொறுக்கி, பசளையும் போட்ட மாதிரி. பச்சை எச்சம் சூடு, கன்றின் அடியில் நேரே படவிட்டால் கருக்கிவிடும். வல்லாரை மாதிரிச் சமைக்காமல் சம்பல் போடுகிற இலை என்றால், கோழி போன இடத்தில் பிடுங்குவதற்கு நாலு மாதம் பொறுங்கள்.

கேள்வி: நான் சுற்றிவரக் கோழிவலை அடித்த அசையும் கூடு வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரே இரவில் மூன்று கோழி போய்விட்டது. ஒன்றின் தலையை மட்டும் கடித்திருந்தது, வலையில் கிழிசல் இருந்தது, ஓரத்தில் மண்ணும் தோண்டியிருந்தது. என்ன மிருகம், எப்படித் தடுப்பது? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: தலையைக் கடித்து, தின்னாமல் விட்டுப்போனது மரநாயாக இருக்கலாம், இரவில் என்றபடியால் கீரியைவிட அதைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. கீரி பகல் வேட்டைக்காரன். தோண்டினது நாயாகவோ நரியாகவோ இருக்கலாம், இரண்டு வந்திருக்கவும் கூடும். எதுவாக இருந்தாலும் காரணம் வலைதான் ஐயா. அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கச் செய்தது, வெளியிலிருந்து வருகிறதைத் தடுக்கச் செய்ததில்லை. மெல்லிய கம்பியை முறுக்கித்தான் அதைப் பின்னுகிறார்கள், நாய் பல்லால் பிடித்து இழுத்தாலே விரிந்துவிடும், குட்டிப் பாம்புக்கு அந்தக் கண் திறந்த கதவு. இரவில் கோழி தங்குகிற பகுதிக்கு மட்டுமாவது அரை அங்குல ஒட்டுவலை அடியுங்கள். விலை கூட, அதனால்தான் மேலே தங்கச்சிக்கு இரவுப் பெட்டியைச் சின்னதாகத் தனியாகச் செய்யச் சொன்னேன், விலையான வலை கொஞ்சம்தான் போகும். பகல் ஓட்டத்துக்குக் கோழிவலையே காணும், பருந்துக்கும் காகத்துக்கும் மேல்வலை இருந்தால் சரி.

வலையைச் சின்ன ஆணியால் அடித்திருந்தால் கழற்றிவிட்டு, மேலே பட்டி வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். தோண்டுகிறதுக்கு, சட்டத்தைச் சுற்றி வெளிப்பக்கம் ஓரடி அகலத்துக்கு வலையை நிலத்தில் படுக்கவிடுங்கள். மிருகம் சட்டத்தின் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும், அங்கே கால் வைக்கிற இடத்தில் வலை இருந்தால் விட்டுவிடும், ஓரடி பின்னுக்குப் போய்த் தோண்ட அதற்குத் தெரியாது. பிணைச்சல் போட்டுவிட்டால் நகர்த்தும்போது மடித்துக்கொள்ளலாம். கதவுக்குக் கயிறு கட்டுவதோ வளைத்த கம்பியைக் கொளுவுவதோ போதாது. கொண்டிக்குள் ஒரு ஆணியைச் செருகி வையுங்கள், குரங்கு வருகிற பக்கம் என்றால் பூட்டு.

மிஞ்சின கோழிகள் சில நாள் முட்டையிடாது, பெட்டிக்குள் போகவும் பயப்படும். ஒரு கிழமை நீங்களே பின்னேரம் பிடித்து உள்ளே விடுங்கள்.

கேள்வி: வவுனியா நகரத்துக்குள் சின்ன வீடு. மதிலுக்கும் வீட்டுக்கும் இடையில் பத்தடிக்கு இருபதடி மண் இருக்கிறது. நாலு கோழிக்கு அசையும் கூடு சரிவருமா?

பதில்: சரிவராது. இருநூறு சதுர அடியில், நாலுக்கு ஆறடி ஓட்டம் வைத்தால்கூட எட்டு நாளில் முதல் இடத்துக்கு வந்துவிடுவீர்கள், புல் முளைக்கவும் நேரம் இல்லை, கிருமி சாகவும் நேரம் இல்லை. நகர்த்துகிற வேலைதான் மிச்சம். நிலையான கூடு ஒன்று செய்து, உமியை ஓர் அரை அடி உயரத்துக்குப் போட்டு, கிழமைக்கு இரண்டு தரம் கிளறி, ஈரமான இடத்தை அள்ளி எடுத்துப் புது உமி போட்டு வாருங்கள். வவுனியாவில் அரிசி ஆலைக்குக் குறைவில்லை, உமி கிடைக்கும். காய்ந்த உமி மணக்காது, ஆகவே கூரை ஒழுகாமல் பார்ப்பதும் தண்ணீர்ச் சட்டியை வெளியில் வைப்பதும்தான் முழு வேலையும்.

கேள்வி: முல்லைத்தீவில் கடலுக்குக் கிட்ட இருக்கிறோம். மாரியில் வளவில் தண்ணீர் நிற்கும். அந்த மூன்று மாதமும் இந்தக் கூட்டை என்ன செய்வது? கால்நடை வைத்தியர் தடுப்பூசி போடச் சொல்கிறார், தினமும் இடம் மாற்றினால் நோய் வராது என்றும் ஒருவர் சொன்னார். எது சரி?

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தாமதிக்கக்கூடாது. கால்நடை வைத்தியர் சொன்னதுதான் சரி. இடம் மாற்றுவது எச்சத்தால் வருகிற நோயைக் குறைக்கும், குடற்புழுவைக் குறைக்கும், ராணிக்கெட் என்கிற கொள்ளைநோயை நிறுத்தாது. அது காற்றோடும், காட்டுப் பறவையோடும், சந்தையில் கோழி வாங்கி வந்தவரின் செருப்போடும் வரும். பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, மூன்று நாலு நாளில் வளவே வெறுமையாகப் போனதைக் கண்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். வந்த பிறகு மருந்து இல்லை. வைத்தியர் சொல்கிற திகதியில் போடுங்கள், வாங்கி வருகிற கோழியை இரண்டு கிழமை தனியே வைத்துப் பிறகு சேருங்கள்.

மாரிக்கு: ஐப்பசி நடுவிலேயே ஓட்டத்தைக் கழற்றி வேலியோரம் சாய்த்துக் கட்டிவிடுங்கள். இரவுப் பெட்டியை வளவில் ஆக மேடான இடத்துக்கு, முடிந்தால் வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, நாலு காலுக்கும் கீழே மூன்று மூன்று கல் அடுக்கி நிறுத்துங்கள். சில்லையும் கழற்றிவிடலாம். அதன் முன்னுக்குப் பழைய தறப்பாள் கட்டி, கீழே உமி, வைக்கோல் பரப்பினால் பகலில் கோழி அங்கே நிற்கும், ஈரம் ஏறினால் மேலே புதிதாகப் போடுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறியது. கட்டிவைத்த மாடும் அடைத்த கோழியும்தான் முதலில் போயின. 2020 மார்கழியில் புரெவிப் புயல் உங்கள் கரையை ஒட்டித்தான் ஏறியது, அன்றைக்குக் காற்று. ஆகவே இரண்டுக்கும் ஆயத்தமாக இருங்கள்: இரண்டடி நீள இரும்பு முளை நாலு அடித்துப் பெட்டியை நாலு மூலையிலும் கட்டுங்கள், ஆனால் தண்ணீர் ஏறும் என்று அறிவித்த இரவில் கதவுக் கொண்டியை எடுத்துவிட்டு, கோழியைப் பிடித்துக் கூடையில் போட்டு நீங்கள் போகிற இடத்துக்கே கொண்டுபோங்கள். ஆறு கோழிக்கு இரண்டு கூடை காணும். கூடையைப் பெட்டிக்கு மேலேயே கவிழ்த்து வைத்திருந்தால் இருட்டில் தேடத் தேவையில்லை.

தை பிறந்து நிலம் காய்ந்து, காலை வைத்தால் குழி விழாத நாளில் ஓட்டத்தைத் திரும்ப இறக்குங்கள். அந்த நேரம் வளவு முழுக்கப் புல்.